ஓர் இலக்கத்தின் நிறை

2024 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் உறவினர் ஒருவரின் திருமணத்துக்காக அவுஸ்திரேலியாவுக்குச் சென்றிருந்தேன். திருமணம் முடிந்த பின்னர், மெல்பேர்ண் நகரின் புறத்தே வாழும் என் பள்ளித் தோழன் ஒருவனின் வீட்டில் பத்து நாட்கள் தங்கினேன். அவன் 1989 இல் நாட்டை விட்டு வெளியேறியவன். நாமிருவரும் மீண்டும் ஒரே கூரையின் கீழ் உறங்குவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் இரவு உணவுக்குப் பின்னர் என்னைத் தன் கராஜுக்கு அழைத்துச் சென்றான். காருக்குரிய இடத்தில் கார் இல்லை. நீண்ட மேசையொன்று இருந்தது. அதன்மேல் கண்ணாடிக் கூடு பொருத்திய இலத்திரனியல் தராசு, ஒரு சாமணம், சிறு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்ரிக் தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் சட்டைப் பொத்தானிலும் சிறியதொரு உலோகக் கிண்ணம். சுவரோடு சேர்த்துப் பூட்டப்பட்ட இரும்புப் பெட்டகம் ஒன்றும் நின்றது. அதனுள் துப்பாக்கி இருக்கிறது என்றான். நான் திடுக்கிட்டேன்.

திடுக்கிட்டதற்குக் காரணம் உண்டு. அவனுடைய தம்பி 1991 இல் துப்பாக்கிச் சன்னம் ஒன்றுக்குப் பலியானவன். காலையில் பாண் வாங்கப் போன இடத்தில் எங்கிருந்தோ வந்த ஒற்றைச் சன்னம். எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று அன்றும் எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை, இன்றும் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒருவன் ஐம்பது வயதுக்குப் பின்னர் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் பெற்று, ஞாயிறு தோறும் இலக்குப் பார்த்துச் சுடப் போகிறான் என்றால் எப்படித் திடுக்கிடாமல் இருப்பது?

அந்நாட்டின் சட்டத்தை அவனே விளக்கினான். 1996 இல் தஸ்மானியாவின் போர்ட் ஆர்தரில் ஒரு மனிதன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பின்னர் தானியங்கு வகைத் துப்பாக்கிகள் பொதுமக்கள் கையிலிருந்து பெருமளவில் மீளப் பெறப்பட்டன. துப்பாக்கி வேண்டுமென்பவர் தகுந்த காரணம் காட்டவேண்டும். தற்பாதுகாப்பு அங்கு ஏற்கத்தக்க காரணமன்று. கழகமொன்றில் சேர்ந்து இலக்குச் சுடுதல் ஏற்கத்தக்க காரணம். துப்பாக்கி ஒரு பூட்டிலும் ரவைகள் வேறொரு பூட்டிலும் இருக்கவேண்டும். "நீ ஒண்டையும் தொடாத மச்சான். உனக்கு லைசென்ஸ் இல்லை. நான் நிறுத்துச் சொல்லுறன், நீ எழுது" என்று சொல்லி ஒரு கொப்பியையும் பேனையையும் என் பக்கம் தள்ளினான்.

அவன் நிறுத்துக்கொண்டிருந்தவை பிரைமர்கள். ரவைக் கோதின் அடியில், சுத்தியல் ஊசி வந்து மோதும் இடத்தில் வட்டமாகத் தெரியுமே, அதுதான் பிரைமர். எமது தலைமுறையினருக்கு அதை விளக்கவேண்டியதில்லை. ஒழுங்கைகளில் பொறுக்கியெடுத்த வெற்றுக் கோதுகளின் பிட்டத்தில், நடுவே நசுங்கிய ஒரு புள்ளியாக அதைப் பார்த்திருக்கிறோம். ஊசி மோதும்போது கிண்ணத்தினுள் பூசப்பட்டுள்ள வெடிப்பொருள் நசுங்கித் தீப்பொறி கக்கும். அப்பொறி சிறு துவாரத்தினூடாகப் பாய்ந்து கோதினுள் உள்ள மருந்தைப் பற்றவைக்கும். அதன்பின் நிகழ்வதெல்லாம் நாம் அறிந்தவை.

இதன் வரலாறு விந்தையானது. அடி விழுந்தால் தீப்பற்றும் பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தலாமென்று கண்டு 1807 இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார். பழைய தீக்கல் துப்பாக்கியில் முதலில் எழும் ஒளியைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றன என்பதே அவரது குறை. 1860 களில் இரு வகைப் பிரைமர்கள் தோன்றின. ஒன்று பிரித்தானிய இராணுவ அதிகாரியான எட்வர்ட் பொக்ஸருடையது. மற்றையது அமெரிக்கரான ஹைரம் பேர்டனுடையது. காலப்போக்கில் பிரித்தானியருடையது அமெரிக்காவிலும் அமெரிக்கருடையது ஐரோப்பாவிலும் வேரூன்றின. நீண்ட காலம் பிரைமர்களில் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் உப்பு குழாயைத் துருப்பிடிக்கச் செய்தது. 1920 களில் ஜெர்மனியர் அதற்கு மாற்றாக ஈயச் சேர்வையொன்றைக் கொண்டுவந்தனர். இன்றைய பிரைமர்களிற் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே.

சரி, இதை ஏன் நிறுக்கவேண்டும்? என் நண்பன் பங்கேற்கும் போட்டிக்கு எஃப் கிளாஸ் என்று பெயர். கனடாவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஃபார்க்வார்சன் என்பவர் வயதும் கண்பார்வையும் இடங்கொடாத நிலையிலும் சுடுவதைக் கைவிட மனமின்றி, தாங்கியும் தொலைநோக்கியும் பொருத்திச் சுடுவதற்கு வழி செய்தார். எஃப் என்பது அவரது பெயரின் முதலெழுத்து. கிடந்தபடி சுடவேண்டும். நெடுந்தூரப் போட்டிகளில் இலக்கு 1000 கெஜத்துக்கு அப்பால், அதாவது 914 மீற்றர் தொலைவில் நிற்கும். அத்தூரத்தில் இலக்கின் நடு வட்டம் சோற்றுக் கோப்பை ஒன்றின் அகலமே.

அவன் சுடும் .308 ரகச் சன்னம் குழாயிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 900 மீற்றர் வேகத்தில் வெளிப்படுகிறது. அந்த வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், 1000 கெஜத்தில் சன்னம் ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். அரைச் சாணிலேயே வட்டத்தின் விளிம்பு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ரவையும் மற்றதைப் போலவே இருக்கவேண்டுமென்று இவர்கள் பாடுபடுகிறார்கள். ரவைகளைத் தாமே அடைத்துக்கொள்கிறார்கள். மருந்தை நிறுக்கிறார்கள், சன்னங்களை நிறுக்கிறார்கள், கோதுகளை நிறுக்கிறார்கள். எல்லாம் நிறுத்து முடிந்தபின் எஞ்சியிருப்பது பிரைமர். அதையும் சிலர் விட்டுவைப்பதில்லை.

அன்று நாங்கள் அமர்ந்திருந்த முறையைச் சொல்லவேண்டும். அவன் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டான். மின்விசிறியை நிறுத்தினான், காற்று அசைந்தாலும் அந்தத் தராசு ஆடும். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு அது. ஒரு நேரத்தில் ஒரேயொரு பிரைமரைச் சாமணத்தால் எடுத்துத் தட்டில் வைப்பான். இலக்கம் நிலைகொள்ளும் வரை மூச்சைக் கூட அடக்கிக்கொள்வான். பிறகு, "சைபர் தசம் இரண்டு மூண்டு மூண்டு" என்பான். நான் எழுதுவேன். அவன் அதை எடுத்து உரிய குழியில் வைப்பான். பிரைமர்களை ஒரு போத்தலிலோ பேணியிலோ மொத்தமாகக் கொட்டி வைக்கக்கூடாது. ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். குழித் தட்டுகளின் காரணம் அதுவே.

எங்கள் ஊரில் நகை செய்யும் பத்தர் ஒருவர் இருந்தார். சின்னத் தராசின் ஒரு தட்டில் குன்றிமணிகளை இட்டு மறு தட்டில் பொன்னை நிறுப்பார். அப்போது வாசலில் நிற்கும் எங்களைப் பேசவேண்டாமென்று சைகை காட்டுவார். நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். சுடுபவர்கள் இன்றும் சன்னத்தையும் மருந்தையும் கிரேன் என்ற அளவிலேயே சொல்கிறார்கள். அதன் பொருள் தானிய மணி என்பதே. ஒரு இறாத்தலுக்கு 7000 கிரேன். ஒரு கிரேன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். பத்தரின் குன்றிமணியும் இவனது தானிய மணியும் தூரத்து உறவினர் போலும்.

நூறு பிரைமர்களை நிறுத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் சென்றது. எல்லாம் கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையிலான வேறுபாடு எட்டு மில்லிகிராம். பெரும்பாலானவை நடுவில் குவிந்திருந்தன. இரு ஓரங்களிலும் விழுந்த சிலவற்றை அவன் தனியே வைத்தான். அவற்றை எறிவதில்லை; பயிற்சிக்குப் பயன்படுத்துவான். 2020 இல் தொடங்கிய பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பிரைமர்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது ஒவ்வொன்றையும் எண்ணிச் செலவழித்ததாகச் சொன்னான்.

நான் பத்திரிகைக்காரன். கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. "இப்படிப் பிரிச்சா உண்மையிலேயே நல்லாப் படுதா?" என்று கேட்டேன்.

அவன் ஒளிக்கவில்லை. தானே சோதித்துப் பார்த்திருக்கிறான். நிறை குறைந்த பத்து, நிறை கூடிய பத்து. மற்றவை யாவும் ஒரேயளவு. வேகம் அளக்கும் கருவியை வைத்துச் சுட்டான். இரு தொகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. ஏன் அப்படி என்று விளக்கினான். தராசு காட்டும் நிறையில் மிகப் பெரும் பங்கு பித்தளைக் கிண்ணத்தினதும் அதனுள் இருக்கும் சிறு உலோகத் தாங்கியினதும் நிறை. தீப்பொறி கக்கும் வெடிப்பொருள் அதில் மிகச் சிறு பங்கு, சில பத்து மில்லிகிராம்களே. ஒரு பிரைமர் மற்றதைவிட மூன்று மில்லிகிராம் கூடுதலென்றால், கூடியிருப்பது வெடிப்பொருளா தகடா என்று தராசு சொல்லாது. பிரித்துப் பார்க்கவும் இயலாது, அது உயிராபத்து. அதுமட்டுமன்றி, பத்து வெடிகளைக் கொண்டு எதையும் நிறுவவும் முடியாது. பத்து வெடிகளின் நியம விலகல் 8 என்று வந்தால், உண்மையான அளவு ஐந்தரைக்கும் பதினான்கரைக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கழகத்தில் பலர் ஐந்து வெடி சுட்டுவிட்டு உண்மையைக் கண்டுவிட்டதாக வாதிடுகிறார்கள் என்று நகைத்தான்.

காற்றைப் பற்றியும் சொன்னான். பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் வேகக் காற்று அடித்தால், அவனுடைய சன்னம் 1000 கெஜத்தில் ஆறு அடிக்கு மேல் ஒதுங்கும். கொடிகளைப் பார்த்துக் காற்றைக் கணிக்கத் தெரியாதவனுக்குப் பிரைமரின் மூன்று மில்லிகிராம் ஒரு பொருட்டேயன்று.

"பிறகு ஏன் நிறுக்கிறாய்?"

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அங்க சத்தம் எப்ப வரும், எங்கயிருந்து வரும் எண்டு தெரியாமல் கிடந்தம். இங்க நான் விசையை இழுத்தால்தான் சத்தம். அதுக்கு முந்தி எல்லாத்தையும் என்ர கையால பாத்திருக்கவேணும். ஒண்டும் எனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

அடுத்த தட்டை எடுத்தான். மீண்டும் அவன் சொல்ல நான் எழுதினேன். நாற்பதாவதோ என்னவோ, அவன் கையை நிறுத்தி என் கொப்பியை எட்டிப் பார்த்தான். "மச்சான், நான் இரண்டு மூண்டு ஒண்டு எண்டு சொன்னனான். நீ இரண்டு ஒண்டு மூண்டு எண்டு எழுதியிருக்கிறாய்."

பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தேன். அதைத் திருத்தும்போது என் கை நடுங்கியதை அவன் கவனித்தானோ தெரியாது.

ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது என் முதல் தொழில். பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்தபோதே இரவு வேளைகளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் ஒப்புநோக்குநராகப் பணிபுரிந்தேன். 1991 ஆம் ஆண்டில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருமை. ஜாம் போத்தலில் பஞ்சைச் செருகிச் சிறிது எண்ணெய் ஊற்றிச் செய்த விளக்கின் ஒளியில் பிழை திருத்தினோம். பத்திரிகைத் தாள் வராமையால் அப்பியாசக் கொப்பித் தாளில் கூடப் பத்திரிகை அச்சான காலம் அது. ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுப்படியைப் பார்க்கவேண்டும் என்பது விதி. அன்றிரவு என்னோடு வாசிப்பவர் வரவில்லை. போத்தலில் எண்ணெயும் வற்றிக்கொண்டிருந்தது. மூலப்பிரதியோடு ஒப்பிடாமல் அச்சுப்படியை மட்டும் கண்ணால் ஓட்டிப் பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பினேன்.

அப்படியில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. ஒருவரின் வயது 19. அடுத்த வரியில் இருந்தவரின் வயதும் 19. இரண்டாமவரின் பெயர் எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்றாக வழங்கும் பெயர். இடம்பெயர்ந்து தங்கியிருந்த ஊரின் பெயரே அதில் இருந்தது. ஆகவே எனக்கு எந்த ஐயமும் எழவில்லை.

மறுநாள் மாலையில்தான் செய்தி வந்தது. செத்தவீட்டுக்கு ஓடினேன். கிடத்தியிருந்தது நண்பனின் தம்பி. அவனுக்கு 9 வயது. ஐந்து வயதில் வெற்றுக் கோதுகளைப் பால்மா ரின்னில் பொறுக்கிச் சேர்த்து, திண்ணையில் நீளத்தின்படி வரிசையாக அடுக்கி எங்களுக்குக் காட்டியவன். வாசலில் தகப்பனார் அன்றைய பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அலுவலகம் திரும்பி மூலப்பிரதியைத் தேடி எடுத்தேன். நிருபர் 9 என்றுதான் தெளிவாக எழுதியிருந்தார். மேல் வரியின் 19 ஐக் கோத்த கை, கீழ் வரியிலும் அதையே கோத்துவிட்டது. பிடித்திருக்கவேண்டியவன் நான்.

அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு ஒன்பதுக்கும் பத்தொன்பதுக்கும் உள்ள தூரம் புரியும். ஒன்பது வயதென்றால் குழந்தை. எவரும் ஒரு கணம் நின்று வருந்துவர். பத்தொன்பது வயதென்றால் முதலில் எழும் கேள்வி, அவன் யார், எந்த இயக்கம், ஏன் அங்கே போனான் என்பதாகவே இருக்கும். அந்த ஒற்றை இலக்கம் ஒரு குழந்தையின் சாவிலிருந்து அதன் குழந்தைமையை எடுத்துவிட்டது. திருத்தம் போடும்படி செய்தி ஆசிரியரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. வேலை போய்விடுமென்று பயந்தேன். அடுத்த நாள் வேறு பட்டியல் வந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. சொல்வதற்குரிய நாள் கடந்துபோயிற்று.

அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தியாளனாகவும் ஆசிரிய பீடத்திலும் இருந்துவிட்டேன். இளம் நிருபர்களிடம் எண்களை இருமுறை பாருங்கள் என்று சலிக்கச் சலிக்கச் சொன்னேன். ஏன் சொல்கிறேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்றிரவு அந்தக் கராஜில் வைத்து நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சாமணத்தை மேசையில் வைத்தான். தராசைப் பார்த்தபடியே இருந்தான். வெகுநேரத்தின் பின் பேசினான்.

"அம்மா அந்தப் பேப்பர்த் துண்டை இங்க வரும்போதும் கொண்டுவந்தவ. அது பிழையாய் வந்தது எண்டு அவ ஒருநாளும் நம்பேல்லை. ஆரோ வேணுமெண்டு கூட்டிப் போட்டவங்கள், என்ர பிள்ளையைப் பெடியனாக்கிப் போட்டாங்கள் எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ."

அம்மா 2011 இல் காலமானவர். அதற்கு முன்பு இரண்டு தடவை தொலைபேசியில் என்னோடு பேசியிருக்கிறார். சுகம் விசாரித்தார். நானும் சுகம் விசாரித்தேன்.

"ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே மச்சான். விளக்கில எண்ணெய் முடிஞ்சுபோச்சு அம்மா எண்டு சொல்லியிருந்தால் அவவுக்கு விளங்கியிருக்கும்."

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவன் என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை; கோபித்ததாகவும் சொல்லவில்லை. சற்று நேரத்தின் பின், "வா, மிச்சத்தை முடிப்பம்" என்றான். அதன் பிறகு அவன் சொன்ன ஒவ்வோர் இலக்கத்தையும் எழுதிவிட்டு, நான் உரத்துத் திருப்பி வாசித்தேன். அவன் ஓம் என்ற பின்னரே அடுத்ததை எடுத்தான்.

மூன்று மில்லிகிராம் இலக்கில் எதையும் மாற்றவில்லை என்பதை அவன் அளந்து கண்டவன். ஒற்றை இலக்கம் எதை மாற்றும் என்பதை நான் அளக்கவே முயன்றதில்லை. இரண்டும் சிறியவைதாம். எது கனக்கும் என்பது அதனுள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை அறியச் சம்பந்தப்பட்டவர்களிடம் போய்ப் பேசவேண்டும். நான் போகவில்லை.

பெயரைக் குறிப்பிடவேண்டாம் என்று நண்பன் கேட்டுக்கொண்டான். ஆகவே பெயரின்றியே இதைப் பதிகிறேன். பத்திரிகைகளில் திருத்தம் வெளியிடும் முறைப்படியே எழுதுகிறேன்.

திருத்தம்: 1991 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் வெளியான பத்திரிகையொன்றில், இறந்தோர் பட்டியலில் ஒருவரது வயது 19 எனப் பிரசுரமாகியிருந்தது. அது 9 என இருத்தல் வேண்டும். பிழை ஒப்புநோக்கியவருடையது. வருந்துகிறேன்.